செம்புச் சொம்பும் சாகாத பூச்சியும்

எலும்புக்கூட்டுக்கு யாராவது வேட்டி போர்த்திவிடுவார்களா? எல்லப்பன் போர்த்திவிட்டார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, பன்னிரண்டு வருஷம்.

ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியிருக்கிற ஊர்களில் ஒன்றில் இருந்தது அந்த அரசாங்க மேல்நிலைப் பள்ளி. அங்கே 1979இல் பெருக்குகிற வேலைக்கு வந்தவள் சந்திரம்மாள். பென்னலூர்க்காரி. ஐந்தாவது வரைக்கும் படிப்பு. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் நாள் விலங்கியல் லேப் கதவைத் திறந்தவள், கொக்கியில் தொங்கிய நிஜ மனுஷ எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, விளக்குமாற்றை அங்கேயே போட்டுவிட்டுப் பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினாள். பஸ் வரவில்லை. அந்த ரூட்டில் பஸ் ஒழுங்காக வந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

மறுநாள் பெருமாளே, பெருமாளே என்று முணுமுணுத்துக்கொண்டு கதவைத் திறந்தால் எலும்புக்கூட்டைக் காணோம். மூலையில் ஏதோ ஒன்று தலையிலிருந்து கால் வரை பழைய வேட்டி போர்த்தி நின்றுகொண்டிருந்தது. பூகோளப் படங்களைச் சுருட்டி மூடி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, நிம்மதியாகப் பெருக்கிவிட்டுப் போனாள். நாலு மாதம் இப்படியே போயிற்று. ஒரு நாள் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், லேப் அட்டெண்டர் எல்லப்பன், குளித்துவிட்டு வந்த குழந்தைக்குத் துண்டு சுற்றுகிற பக்குவத்தில் எலும்புக்கூட்டுக்கு வேட்டி போர்த்திக்கொண்டிருந்தார். அவள் பெருக்கிவிட்டுப் போனதும் எடுத்து மடித்து அலமாரியில் வைப்பார். அவர் இதைச் சொன்னதில்லை. இவளும் கேட்டதில்லை.

எல்லப்பனுக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று பெருமாள் கொடுத்தது, இன்னொன்று சர்க்கார் கொடுத்தது. சின்ன வயதில் பள்ளியில் சேர்க்க அழைத்துப்போனபோது, பிறந்த தேதி யாருக்கும் தெரியவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். காது எட்டினால் ஐந்து வயது. அந்தக் காலத்துச் சட்டம் அதுதான். எல்லப்பனுக்குக் கைகள் கொக்குக்குக் கால் மாதிரி வளர்ந்திருந்தன. மூன்று வயதுப் பிள்ளை காதைத் தொட்டதோடு நிற்காமல் கன்னத்தையும் சொறிந்துகொண்டது. அந்தக் கணத்தில் அவருக்கு இரண்டு வயது கூடிவிட்டது. உலகத்தில் எத்தனையோ பேர் வயதைக் குறைக்கத் தைலம் தேடி அலைகிறார்கள். வயதைக் கூட்ட ஒரு வாத்தியாரும் ஒரு காதும் போதும்.

அந்தக் காகித வயதின்படி 1991ஆம் வருஷம் ஜூன் மாதம் அவர் ஓய்வு பெற வேண்டியிருந்தது. அவர் பொறுப்பில் இருந்த இன்னொரு ஜீவனுக்கோ வயதே ஆவதில்லை.

அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் விலங்கியல் ஆசிரியர் சாம்சன். ஊர் ஏரியில் பாசியை அள்ளிவந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, தண்ணீர் தெளிந்ததும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த பழுப்பு நூல்துண்டு ஒன்றைக் காட்டினார். அரை அங்குலம்கூட இல்லை. நுனியில் ஆறேழு இழை ஆடிக்கொண்டிருந்தது. பெயர் ஹைட்ரா. 1980இல் வாலாஜாபாத்துக்கு மாற்றல் வந்தபோது பாட்டிலை எல்லப்பன் கையில் கொடுத்து, கண் கலங்கிவிட்டுப் போனார். பையன்களைப் பிரிந்ததற்காகக் கலங்கினார் என்று சொல்பவர்களும் உண்டு.

அதன் பெருமையைச் சந்திரம்மாள் எல்லப்பன் வாயால்தான் கேட்டாள்.

"இதுக்கு வயசே ஆவாது சந்திரம்மா. தலை நரைக்காது, மூட்டு வலிக்காது. ரெண்டா வெட்டினா ரெண்டாயிடும்."

"அதெப்படிண்ணா?"

"நம்ம உடம்பு ஒரு தபா கட்டின வூடு. அப்புறம் ஒழுகுற எடத்துல பூசிக்கினே காலத்த ஓட்டணும். இது தெனமும் புதுசா கட்டிக்கினே கீற வூடு. பழசு கழண்டு போயிடும், புதுசு வந்துடும். எப்பப் பாத்தாலும் புதுவூடுதான். சாம்சன் சார் சொன்னாரு."

"பெருமாள் இதுக்கு மட்டும் ஏண்ணா இந்த வரத்தக் குடுத்தாரு?"

"கண்ணு இல்ல, எலும்பு இல்ல, மூளையும் இல்ல. பாவம்னு சாவையும் இல்லாம பண்ணிட்டாரு."

சந்திரம்மாள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டாள். "மூளை இல்லாட்டி சாவு இல்லியா? அப்ப நம்ம ஹெட்மாஸ்டரு ரொம்ப நாளு இருப்பாருண்ணா."

எல்லப்பன் சிரித்த சிரிப்பில் ஜாடிக்குள் இருந்த தவளை கூட ஆடியது.

ஆனால் சாகாத பூச்சியை உயிரோடு வைத்திருக்கிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதற்கு வயதாகித்தான் சாவு வராது. மற்ற எல்லாவற்றாலும் வரும். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருந்தால் சாகும். சோப்புக் கை பட்டால் சாகும். சித்திரை வெயிலில் சாகும். பட்டினியில் சாகும். ஒருநாள் விட்டு ஒருநாள் எல்லப்பன் ஏரிக்குப் போய், வேட்டித்துணியில் தண்ணீரை வடிகட்டி, அதில் துள்ளும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான பூச்சிகளைக் கொண்டுவந்து அதற்குத் தீனி போடுவார். கோடையில் ஈரமணல் பரப்பிய மண்சட்டியில் பாட்டிலை உட்கார வைப்பார். சாகிற ஜென்மமான எல்லப்பனுக்கு ஒரு மின்விசிறி வேண்டும் என்று எழுதிப் போட்ட மனுவுக்குப் பதில் ஒன்பது வருஷமாக வந்துகொண்டிருந்தது.

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? டீக்கடை தசரதன் சர்க்கரை வியாதிக்காரர். சொம்போடு வந்து நின்றார்.

"எல்லப்பா, அந்தப் பாட்டில் தண்ணி ஒரு வாய் குடேன். சாவு வராதாமே."

"தாராளமா குடி. பூச்சிக்கு ஒண்ணும் ஆவாது. உனக்குத்தான் மூணு நாளைக்கு வயித்தால போவும்."

1986இல் எல்லப்பனின் மனைவி கிளியம்மாள் மஞ்சள் காமாலையில் இறந்தாள். மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்த கையோடு, வீடு நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, எல்லப்பன் வேட்டித்துணியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார். தீனி போடுகிற நாள். "செத்தவளுக்கு அழ நேரமில்ல, சாவாததுக்குச் சோறு போட ஓடறான்" என்று ஒரு சித்தப்பா வாசலில் நின்று கத்தினார். அன்றைக்கு லேப்பில் பெருக்கிக்கொண்டிருந்த சந்திரம்மாளுக்குத் தெரியும், எல்லப்பன் எங்கே அழுதார் என்று. பாட்டிலைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தமில்லாமல். அவள் அன்றைக்கு லேப்பை இரண்டு முறை பெருக்கினாள்.

1991க்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் நாலு வாத்தியார் பதவி காலி. இரண்டு வகுப்பறையில் மழை உள்ளேயும் பெய்யும், வெளியேயும் பெய்யும். ஜூன் இருபத்தெட்டு வெள்ளிக்கிழமை காஞ்சிபுரத்திலிருந்து கல்வி அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்ததும், வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஹெட்மாஸ்டர் சுப்பிரமணி எதைக் காட்டுவது என்று யோசித்தார். ஒழுகுகிற கூரையைக் காட்ட முடியாது. கடைசியில் ஹார்லிக்ஸ் பாட்டில் ஞாபகம் வந்தது. பெயிண்டர் வந்து லேப் வாசலில் மாட்ட ஒரு போர்டில் சிவப்பு எழுத்தில் எழுதினான்: "மரணமில்லா உயிர்! காணத் தவறாதீர்!" சர்க்கஸ் கூடாரம்தான் பாக்கி.

புதன்கிழமை சந்திரம்மாளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எத்தனை மனு குடுத்திருக்கே?"

"ஏழு சார். பன்னெண்டு வருசமா."

"அந்த ஃபைலும் வெள்ளிக்கிழமை அதிகாரி கையிலதான் வைக்கப்போறேன். அவர் கையெழுத்துப் போட்டா உனக்கு யோகம். லேப்புல ஏதாவது ஒண்ணு ஏடாகூடமாச்சு, ஃபைல நானே கிழிச்சுப் போட்டுடுவேன். புரியுதா?"

புரிந்தது. டெம்பரரி என்கிற பட்டத்தோடு பன்னிரண்டு வருஷம் ஓட்டியவளுக்கு அது புரியாமல் என்ன? எந்தக் காலையில் வேண்டுமானாலும் நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடலாம். மகள் ஐஸ்வர்யா பத்தாவது போயிருக்கிறாள். இது தவறினால் இனி எட்டாவது மனு எழுதக்கூட அவளுக்குக் கை வராது.

அன்று சாயங்காலம் அவள் நேரே ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போனாள். நின்று கும்பிட்டாள். கும்பிடும்போது மனசில் ஒன்று உறுத்தியது. சாகாத ஜீவன் என்றால் அது சிரஞ்சீவி வகை அல்லவா? இத்தனை வருஷமாக அதற்கு ஒரு சொட்டுத் தீர்த்தம் கொடுத்தோமா? எருமை குளிக்கிற ஏரித் தண்ணீரில் அல்லவா வைத்திருக்கிறோம்? போதாததற்கு இந்த போர்டைப் பார்த்துவிட்டு ஊர் கண்ணெல்லாம் வேறு அதன்மேல். அர்ச்சகரிடம் கேட்டு, துளசியும் பச்சைக் கற்பூரமும் போட்ட தீர்த்தத்தை வாங்கிக்கொண்டாள். மாமியார் வைத்துவிட்டுப் போன செம்புச் சொம்பைப் புளி போட்டு முகம் தெரிகிற மாதிரி விளக்கி, தீர்த்தத்தை அதில் ஊற்றி, ராத்திரி முழுக்க சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை எல்லப்பன் பென்ஷன் காகிதங்களோடு காஞ்சிபுரம் போயிருந்தார். சந்திரம்மாள் லேப்பைப் பெருக்கி, கைகால் கழுவி, பாட்டில் மூடியைத் திறந்து, கோவிந்தா என்று சொல்லிச் சொம்பிலிருந்ததில் பாதியை ஊற்றினாள். மனசு குளிர்ந்தது.

பத்து மணிக்கு இழைகள் சுருங்கி, நுனியில் முடிச்சு விழுந்தது. பிரசாதம் வாங்கிக்கொண்டு கும்பிடுகிறது என்று நினைத்தாள். பன்னிரண்டு மணிக்கு, பாட்டிலில் பெருகியிருந்த நூல்கள் எல்லாம் கடுகு மாதிரி உருண்டுவிட்டன. தூங்குகிறது என்று நினைத்தாள். இரண்டு மணிக்குக் கடுகுகள் கரைந்து அடியில் மாவு மாதிரி இறங்கின. அதற்கு மேல் நினைக்க ஒன்றும் இல்லை.

மூன்று மணிக்கு எல்லப்பன் வந்தார். வாசலிலேயே அழுதபடி நின்றாள்.

"அண்ணா, பெரிய பாவம் பண்ணிட்டேன்."

"இன்னா, கண்ணாடி எதுனா ஒடச்சிட்டியா?"

"சாவாதது செத்துப்போச்சுண்ணா."

அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். துளசி இலை ஒன்று மிதந்தது.

"தீர்த்தமா?"

"ஆமாண்ணா."

"எதுல கொண்டாந்தே?"

"செம்புச் சொம்புல. புளி போட்டு நல்லா வெளக்கி..."

எல்லப்பன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். துளசி இலையை விரலால் எடுத்துக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "பெருமாள் மேல தப்பு இல்ல. செம்பு மேலதான். நமக்கு அது ஒண்ணும் பண்ணாது, இதுக்கு எமன். ஒரு துளி எறங்கினா போதும். சாம்சன் சார் படிச்சிப் படிச்சி சொல்லிட்டுப் போனாரு. நான்தான் உனக்குச் சொல்லல. பதினோரு வருசம் வெயிலு, பஞ்சம், பசங்க, எல்லாத்துலேருந்தும் காப்பாத்தினேன். பக்தியிலேருந்து காப்பாத்தணும்னு தோணல."

"பூனை வந்து தட்டிட்டுதுன்னு சொல்லிடலாமாண்ணா?"

"பூனை தட்டினா பாட்டில் ஒடையணும். உன் பொய்க்கோசரம் நல்ல பாட்டில வேற ஒடைக்கணுமா?"

"அப்ப நானே போயி ஹெட்மாஸ்டராண்ட சொல்லிடறேன்."

"சொன்னா உன் பேப்பரக் கிழிப்பாரு. கிழிச்சா இது எந்திரிச்சி வருமா? அழாத. காலைல ஆறு மணிக்கு ஏரிக்கு வா. செம்ப மட்டும் எடுத்துக்கினு வராத."

அவர் கணக்கு இதுதான். ஹைட்ராவுக்குக் கல்யாணம் காட்சி எல்லாம் தேவையில்லை. நன்றாகத் தின்றால் இடுப்பில் ஒரு மொட்டு வரும். அது குட்டியாகிக் கழன்றுகொள்ளும். பாட்டிலில் கூட்டம் சேர்ந்தபோதெல்லாம் எல்லப்பன் கொஞ்சத்தை எடுத்து ஏரி மதகடியில் விட்டுவிட்டு வருவார். பத்து வருஷமாக விட்டது ஒன்றுகூடவா இருக்காது?

வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தால், ஏரியே இருக்குமா என்கிற மாதிரி இருந்தது. ஆனி மாத ஏரியில் மதகடியில் மட்டும் இடுப்பளவு பள்ளத்தில் தண்ணீர். அந்தப் பக்கம் ஏதோ மெட்ராஸ் கம்பெனிக்கு மண் அடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி இன்னும் வரவில்லை; பெயர்ப்பலகை வந்து ஆறு மாதம். எல்லப்பன் தண்ணீரில் இறங்கி, கல்லில் படிந்த பாசியைப் பூப்போலப் பெயர்த்து மூன்று பாட்டில்களில் போட்டார்.

புல்டோசர் டிரைவர் எட்டிப் பார்த்தான். "இன்னா பெரியவரே, மீனா?"

"மீன விட ஒசத்தி."

"எங்க, காட்டு."

"கண்ணுக்குத் தெரியாது."

டிரைவர் சந்திரம்மாளைப் பார்த்து, பாவம், பத்திரமா வூட்டுக்கு இட்டுக்கினு போம்மா என்பது போலத் தலையை ஆட்டினான்.

"இந்தப் பள்ளத்தையும் மூடிட்டா இன்னாண்ணா ஆவும்?"

"செத்துடும். வயசாயி சாவாதுன்னுதான் சொன்னேன். மேல லாரி ஏறினா எதுவும் சாவும்."

பாட்டில்களை லேப் ஜன்னலில் வைத்தபோது மணி எட்டு. கலங்கல் தெளிய வேண்டும்; ஒளிந்திருப்பது மெல்ல இழையை நீட்டி வெளிச்சத்துக்கு வர வேண்டும். அதிகாரி பத்தரைக்கு வருவதாக ஏற்பாடு. பத்தேகால் வரை முதல் பாட்டிலில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒரு நத்தை. சந்திரம்மாள் பெருமாளிடம் முறையிட்டாள். பெருமாள் சும்மா இருப்பாரா? அதிகாரியின் ஜீப்பைத் தாமதமாக்கினார். அரசாங்க அதிகாரி சொன்ன நேரத்துக்கு வராததால் நல்லது நடந்தது அந்த ஜில்லாவில் அதுவே முதல் தடவையாக இருக்கும். பதினொன்றரைக்கு மூன்றாவது பாட்டிலின் கண்ணாடியில் ஒரு நூல்துண்டு சோம்பல் முறித்தது. ஒன்றே ஒன்று.

பன்னிரண்டு மணிக்கு அதிகாரி வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இதுதானா? பதினோரு வருஷமா இருக்கறது இதேதானா?"

"இதேதான் சார்! தினமும் நானே பார்த்துக்கறேன்" என்றார் ஹெட்மாஸ்டர்.

அதிகாரி எல்லப்பனைப் பார்த்தார். எல்லப்பனுக்கு அன்றுதான் கடைசி வேலைநாள். பொய் சொல்லப் பழக நேரமில்லை.

"அது நேத்து செத்துப்போச்சு சார். இது அதோட உடம்புலேருந்து மொளச்சி ஏரில இருந்தது. அதேன்னு சொன்னாலும் சரி, அதோட புள்ளன்னு சொன்னாலும் சரி. அதுக்கே வித்தியாசம் தெரியாது."

"செத்துப்போச்சா? வாசல்ல மரணமில்லான்னு போட்டிருக்கே?"

"அது போர்டுக்குத்தான் சார். பூச்சிக்குத் தெரியாது."

ஹெட்மாஸ்டரின் முகம் போர்டு எழுத்தின் நிறத்துக்கு வந்தது. "எப்படிச் செத்துச்சு?" என்று சீறினார்.

"செம்புத் தண்ணி பட்டுடுச்சு. என் பொறுப்புல இருந்த ஜீவன். என் கவனக்கொறவு."

"கடைசி நாள்ல மெமோ வாங்கப்போறீரா?" என்றார் அதிகாரி.

"குடுங்க சார். முப்பது வருசத்துல ஒண்ணுகூட வாங்கல."

கதவுக்குப் பின்னால் விளக்குமாற்றோடு நின்றிருந்த சந்திரம்மாளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பேப்பர் போனால் போகட்டும் என்று உள்ளே வந்துவிட்டாள். "அவுரு பொய் சொல்றாரு சார். நான்தான் ஊத்தினேன். தெரியாம தீர்த்தம் ஊத்திட்டேன்."

ஹெட்மாஸ்டர் மேஜைமேல் இருந்த ஃபைலை எடுத்தார். எல்லப்பன் முந்திக்கொண்டார்.

"சார், ஒரு வார்த்த. நான் இன்னியோட போறேன். அடுத்த ஆளு எப்ப வருவாரோ, பெருமாளுக்குத்தான் வெளிச்சம். நாளைக்கு இத யாரு பாக்கறது? இந்தம்மா பன்னெண்டு வருசமா டெம்பரரி. டெம்பரரி ஆளாண்ட எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாதுன்னு ரூல் கீது. அதனாலதான் இதப் பத்தி நானும் ஒண்ணும் சொல்லித் தரல. சாவாத ஜீவனுக்கு டெம்பரரி ஆளப் போட்டா எப்டி சார்?"

அதிகாரி எல்லப்பனைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். அப்புறம் ஹெட்மாஸ்டர் கையிலிருந்து ஃபைலை வாங்கி எழுதினார்: "மேற்படி உயிரினத்தைத் தொடர்ந்து பராமரிக்க நிரந்தரப் பணியாளர் அவசியம். பரிந்துரைக்கப்படுகிறது." பன்னிரண்டு வருஷ உழைப்பு, புருஷன் இல்லாத குடும்பம், படிக்கிற பெண் என்று ஏழு மனுக்களில் சந்திரம்மாள் எழுதியதற்கெல்லாம் அசையாத சர்க்கார், மூளையில்லாத ஒரு பூச்சியின் கஷ்டத்தைக் கேட்டதும் உருகிவிட்டது. இனம் இனத்தை அறியும் போல.

உத்தரவு மார்கழியில்தான் வந்தது. அதைக் காட்ட எல்லப்பன் இல்லை. குன்றத்தூரில் மகன் அன்பு வீட்டுக்குப் போனவர், கார்த்திகை மழையில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்விட்டார். காகிதப்படி ஐம்பத்தெட்டு, பெருமாள் கணக்குப்படி ஐம்பத்தாறு. எமன் எந்தக் கணக்கைப் பார்த்து வந்தானோ. பாட்டிலில் அப்போது பதினேழு நூல் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் அவரைக் கடைசியாகப் பார்த்தது அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், பஸ் ஸ்டாப்பில். பள்ளியில் போட்ட சாமந்தி மாலையைச் சுருட்டிப் பையில் வைத்திருந்தார். மடித்த பழைய வேட்டியை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"இனிமே நீயே போத்திக்கோ."

"எனக்கு பயம் போயி எவ்ளோ வருசம் ஆவுதுண்ணா."

"தெரியும். நாலாம் மாசமே ஜன்னல்ல உன் மூஞ்சியப் பாத்தேன்."

"அப்புறம் ஏண்ணா தெனமும் போத்தினே?"

"நீ வேணாம்னு சொல்லல. நான் நிறுத்தல."

பஸ் அன்றைக்குப் பார்த்து நேரத்துக்கு வந்துவிட்டது. அவள் அவசரமாகப் பையிலிருந்து செம்புச் சொம்பை எடுத்தாள். மிச்சம் இருந்த பாதித் தீர்த்தம். எல்லப்பன் சிரித்தார். உள்ளங்கையைக் குழித்து வாங்கி, கண்ணில் ஒற்றிக் குடித்து, மிச்ச ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டு படியில் ஏறினார். ஏறி நின்று திரும்பிச் சொன்னார்:

"இது சாவறவங்களுக்குத்தாம்மா, நமக்கே வச்சிக்கோ. அதுக்கு ஏரித்தண்ணி போதும். நாளைக்குத் தீனி போடற நாளு, மறந்துடாத."